ஆறு அன்டெனாவும் ஒன்றரை அடிச் சுவரும்

இம்முறை சேர்ந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன: "எந்த ரவுட்டர் வாங்கலாம்?" அதற்கு நானும் ஒரே வரியில் பதில் சொல்ல முடிந்தால் பேசாமல் ஒரு கடை திறந்திருப்பேன். வீடு எப்படிப்பட்டது, இணைப்பு எது, உண்மையில் எது கெட்டுப்போயிருக்கிறது என்று எழுதியவர்களுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறேன்.

அப்பப்பா கட்டிய நாற்சார் வீடு எங்களுடையது. ரவுட்டர் முன் விறாந்தையில் இருக்கிறது. குசினியில் வைஃபை ஒரு கோடு கூட வருவதில்லை. கடைக்காரர் ஆறு அன்டெனா உள்ள ரவுட்டரைக் காட்டுகிறார். வாங்கலாமா? (கொக்குவில்)

வேண்டாம். அன்டெனா ஆறு இருந்தாலும் அறுபது இருந்தாலும், அலை வீசும் வலுவுக்குச் சட்டம் ஓர் எல்லை வைத்திருக்கிறது. அது போகட்டும், ரவுட்டர் உரக்கக் கத்தினாலும் உங்கள் கைபேசி திரும்பப் பதில் சொல்ல வேண்டுமே! அதன் குரல் எப்போதும் மெல்லியதுதான். கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் 5 கிகாஹேர்ட்ஸ் அலை களைத்துவிடும். 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் வேகம் குறைவு.

உங்கள் வீட்டில் ஒரு வசதி இருக்கிறது: நடு முற்றம். ரவுட்டரை விறாந்தையிலிருந்து எடுத்து முற்றத்தைப் பார்த்த உள் திண்ணைப் பக்கம், மழைச்சாரல் படாத உயரத்தில் வைத்துப் பாருங்கள். நாலு பக்க அறைகளுக்கும் அலை முற்றத்தின் வழியாகப் போகும். இரும்பு அலுமாரியின் மேல் மட்டும் வைக்காதீர்கள். அப்படியும் குசினிக்கு எட்டாவிட்டால் ஒரு கேட்-6 கேபிள் இழுத்து, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரை அங்கே மாட்டுங்கள். கேபிள் 100 மீற்றர் வரை தாங்கும். எந்த வளவுக்கும் அது போதும். பழையதில் முதலில் டிஎச்சிபி வசதியை (சாதனங்களுக்கு முகவரி வழங்கும் வேலையை) நிறுத்தி, முகவரியை 192.168.1.2 போல முதல் ரவுட்டரோடு மோதாத ஒன்றாக மாற்றுங்கள். கேபிளை வான் (இணையம் உள்ளே வரும்) துளையில் அல்ல, லான் (வீட்டுச் சாதனங்களுக்கான) துளையில் செருகுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும், 2.4 அலைவரிசையில் ஒன்றுக்கு சனல் 1, மற்றதற்கு 11. புது ரவுட்டர் வாங்குவதை விடப் பெரும்பாலும் செலவு குறைவுதான். கேபிள் இல்லாமல் ஒன்றுக்கொன்று வைஃபையைக் கடத்தும் மெஷ் பெட்டிகளும் இதே சுவரோடுதான் மல்லுக்கட்ட வேண்டும் என்பதையும் கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்.

ஓப்பன்டபிள்யூஆர்டி என்பது என்ன? யார் செய்கிறார்கள்? என்னிடம் உள்ள பழைய டிபி-லிங்க் 841-இல் ஏற்றலாமா? (உரும்பிராய், மாணவர்)

தம்பி, ரவுட்டர் என்பது திரை இல்லாத ஒரு சின்னக் கணினி. அதற்குள் ஓடும் மென்பொருளைத்தான் ஃபர்ம்வேர் என்கிறோம். 2002 கடைசியில் லிங்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலமும் கறுப்புமான பெட்டியை விற்பனைக்கு விட்டது. உள்ளே ஓடியது லினக்ஸ் என்ற திறந்த இயங்குதளம் என்பதைப் பயனர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் ஜிபிஎல் என்ற உரிமப்படி மூல நிரலைத் தர வேண்டும் என்று கேட்டார்கள். 2003-இல் அது வெளிவந்தது. அதை வைத்து 2004-இல் தொடங்கிய மாற்று ஃபர்ம்வேர்தான் ஓப்பன்டபிள்யூஆர்டி. பெயரின் வால் அந்தப் பெட்டியிலிருந்து வந்தது. இன்றைக்கும் தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள், காசு கேட்பதில்லை.

இனி உன் 841. இந்த ஒரே பெயரில் பத்துக்கு மேற்பட்ட வெவ்வேறு பலகைகள் விற்கப்பட்டிருக்கின்றன. அடியில் உள்ள ஒட்டியில் 'வெர்' என்று போட்டு ஓர் எண் இருக்கும். ரவுட்டரின் சாதகக் குறிப்பு அதுதான். 8 முதல் 11 வரை என்றால் ஃபிளாஷ் (ஃபர்ம்வேரைச் சேமிக்கும் இடம்) 4 மெகாபைட், நினைவகம் 32 மெகாபைட். 2021-இல் வந்த ஓப்பன்டபிள்யூஆர்டி 21.02 பதிப்போடு குறைந்தபட்சத் தேவை ஃபிளாஷ் 8, நினைவகம் 64 ஆகிவிட்டது. அந்தப் பெட்டியை விட்டுவிடு. இனி வாங்குவதானால் ஃபிளாஷ் 16, நினைவகம் 128 என்பதற்குக் கீழே இறங்காதே. வாங்கும் முன் ஓப்பன்டபிள்யூஆர்டியின் சாதனப் பட்டியலில் மாதிரியையும் வெர் எண்ணையும் சேர்த்துத் தேடு. மீடியாடெக் சில்லு (சிப்) உள்ளவற்றில் இப்போது நல்ல ஆதரவு இருக்கிறது. பிராட்கொம் வைஃபை சில்லு என்றால் விலகி நில். திறந்த டிரைவர் சரியாகக் கிடைப்பதில்லை. அந்த வகைச் சிலவற்றுக்கு ஃபிரெஷ்டொமேட்டோ என்ற வேறொரு ஃபர்ம்வேர் உண்டு.

மகன் வீடியோ ஏற்றத் தொடங்கினால் ரொறன்ரோவில் இருக்கும் அக்காவோடு பேச முடிவதில்லை. குரல் அறுந்து அறுந்து வருகிறது. வேகம் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. இன்னும் கூடிய பக்கேஜ் எடுக்க வேண்டுமா? (வல்வெட்டித்துறை)

அம்மா, வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. காசு கூட்டுவதற்கு முன் இதை வாசியுங்கள்.

2022-இல் எரிபொருள் நிலையத்தில் நின்ற வரிசையை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு போத்தலோடு நிற்கிறவருக்கு முன்னால் பீப்பாய் ஏற்றிய லொறி ஒன்று நின்றால் எப்படி? அக்காவோடு பேசும் குரல் அந்தப் போத்தல்காரர். மகனின் வீடியோ லொறி. மேலே ஏற்றும் வேகம் வினாடிக்கு 10 மெகாபிட் என்று வைப்போம். ரவுட்டரோ மோடமோ 1 மெகாபைட் தரவை வரிசையில் தேக்கி வைத்தால், அதாவது 8 மெகாபிட், பின்னால் வரும் குரல் 0.8 வினாடி காத்திருக்க வேண்டும். பேச்சு குலைய அது தாராளம். வேகச் சோதனையில் நாம் பார்க்கும் வேக எண், லொறி எவ்வளவு கொண்டுபோனது என்பதை மட்டும் சொல்லும். போத்தல்காரர் நின்ற நேரத்தை அது சொல்லாது.

ஃபர்ம்வேர் மாற்றுவதற்கு உருப்படியான காரணம் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். முன் கேள்வியில் சொன்ன ஓப்பன்டபிள்யூஆர்டியில், வரிசையைச் சீராக்கும் எஸ்கியூஎம் என்ற பொதியை நிறுவி, 'கேக்' என்ற முறையைத் தெரிவு செய்யுங்கள். அது ஒவ்வோர் இணைப்பையும் தனி வரிசையாக்கி மாறி மாறி விடும். அளந்த வேகத்தில் 90 சதவீதத்தை எல்லையாகக் கொடுங்கள். பத்திலே ஒன்றை விட்டுக்கொடுப்பதால் வரிசை மோடத்தில் தேங்காமல் உங்கள் ரவுட்டரின் கையில் நிற்கும். ஃபைபர் இணைப்பானால் ஒருமுறை அமைத்தால் போதும். 4ஜி என்றால் மணிக்கு மணி வேகம் மாறும்; இரவு எட்டு மணிக்கு, ஊரே இணையத்தில் இருக்கும்போது அளந்து அந்த எண்ணை வையுங்கள். பழைய ஒற்றை மையச் செயலிகள் 100 மெகாபிட்டைக் கடந்தால் இந்த வேலையில் மூச்சு வாங்கும் என்பதையும் கவனியுங்கள்.

ஏற்றிக் கொடுக்க மகனையே பிடியுங்கள். லொறி அவருடையதுதானே.

கனடாவிலிருந்து சித்தப்பா ஒரு ரவுட்டர் கொண்டுவந்திருக்கிறார். இங்கே வேலை செய்யுமா? (வேலணை)

அடப்டரில் 100–240 வோல்ற் என்று எழுதியிருந்தால் பிளக் மாற்றி போதும். 120 மட்டும் என்றால் செருகவே வேண்டாம். பின்பக்கம் தொலைக்காட்சிக் கேபிள் போலத் திருகும் வாய் இருந்தால் அது கேபிள் மோடம். ஃபைபருக்கும் 4ஜிக்கும் அது உதவாது. வட அமெரிக்க மாதிரியில் சனல் 12, 13 இல்லாமல் இருக்கலாம், அதனால் குறை ஒன்றும் இல்லை.

ஃபைபர் நிறுவனம் தந்த பெட்டியிலேயே ஃபர்ம்வேரை மாற்றலாமா? (திருநெல்வேலி)

கூடாது. அது உங்கள் பொருளும் அல்ல. நிறுவனத்தின் பக்கம் பதிவானால்தான் ஒளி இணைப்பே எழும். அதை அப்படியே விட்டு, அதன் லான் துளையிலிருந்து உங்கள் ரவுட்டரின் வான் துளைக்குக் கேபிள் கொடுங்கள். பிரிட்ஜ் முறை (அந்தப் பெட்டி ரவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்துவது) கேட்டுத் தந்தால் நல்லது. தராவிட்டாலும் சாதாரணப் பாவனைக்குப் பெரிய குறை தெரியாது. அந்தப் பெட்டியின் வைஃபையை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

ஃபர்ம்வேர் ஏற்றும்போது மின்சாரம் நின்றுவிட்டது. இப்போது ஒரு விளக்கு மட்டும் மினுங்குகிறது. எறிந்துவிடவா? (பருத்தித்துறை)

எறியாதீர்கள். நானும் முதன்முதல் இப்படி ஒன்றைக் கெடுத்து, இரண்டு நாள் அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். பெரும்பாலும் மீட்கலாம், ஏனெனில் மின்சாரம் வந்ததும் முதலில் ஓடும் பூட்லோடர் என்ற சின்னப் பகுதி தனியே இருக்கிறது. டிபி-லிங்க் பலவற்றில் வழி இது: கணினிக்கு 192.168.0.66 என்ற முகவரி கொடுத்து, அதில் டிஎஃப்டிபி சேர்வர் (கோப்பு எடுத்துக் கொடுக்கும் சின்ன மென்பொருள்) ஓட விடுங்கள். மீட்புக் கோப்பை அந்த மாதிரிக்குரிய பெயரில் வையுங்கள். ரீசெட் பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்துப் பத்து வினாடி பிடியுங்கள். ரவுட்டர் தானே வந்து கோப்பை எடுத்துக்கொள்ளும். கேபிளில்தான் செய்ய வேண்டும், வைஃபையில் அல்ல. அடுத்த முறை கவனிக்க: நிறுவனத்தின் ஃபர்ம்வேரிலிருந்து மாறும்போது 'ஃபக்டரி' கோப்பு, ஓப்பன்டபிள்யூஆர்டியிலிருந்து புதுப்பிக்கும்போது 'சிஸ்அப்கிரேட்' கோப்பு.

வைஃபை 7 வாங்கலாமா? (நல்லூர்)

வீட்டில் வைஃபை 7 உள்ள கைபேசி எத்தனை? பூச்சியம் என்றால் 6 போதும்.

மின்வெட்டுக்கு மினி யூபிஎஸ் நல்லதா? (சாவகச்சேரி)

நல்லது. ரவுட்டர் அடப்டரில் உள்ள வோல்ற்றும் அம்பியரும் பார்த்து வாங்குங்கள். 9 வோல்ற் கேட்கும் ரவுட்டருக்கு 12 வோல்ற் கொடுத்துக் கருக்கிய பெட்டி ஒன்று இப்போது என் மேசையில் இருக்கிறது. ஃபைபர் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால் இரண்டு வெளிவாய் உள்ளதாகப் பாருங்கள். ஐப்பசி இடி முழக்கத்தில் யூபிஎஸ் இருக்கிறது என்று நம்பி விட்டுவைக்காதீர்கள், சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.