செருமிக்கொண்டு தொடங்கும் பாட்டு

வணக்கம் சார்,

ஓபரா பாடகர் பாவரோட்டி பாடிய ‘கரூஸோ’ பாட்டை ஒரு மாதமாகத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். இத்தாலிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் பல்லவி வந்தால் கண் கலங்கிவிடுகிறது. என் மனைவி சிரிக்கிறார். இசைக்கு மொழி தேவையில்லை என்பது இதுதானா? பொருள் தெரிந்தால் கெட்டுவிடுமோ என்று மொழிபெயர்ப்பைத் தேடவே இல்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தைரியமாகத் தேடிப் படியுங்கள், கெடாது. இசைக்கு மொழி தேவையில்லை என்பதில் எனக்கு உடன்பாடில்லை, இந்தப் பாட்டின் விஷயத்திலாவது. நீங்கள் கலங்கும் அதே இடத்தில்தான் பாட்டு மொழி மாறுகிறது.

1986இல் இதை எழுதிப் பாடியவர் லூச்சோ டல்லா. இத்தாலியில் நேப்பிள்ஸுக்கு அருகே சொரெண்டோ பக்கம் படகு பழுதாகி, கரையில் ஒரு ஹோட்டலில் தங்கினாராம். 1921இல் என்ரிகோ கரூஸோ தன் கடைசி வாரங்களில் தங்கியிருந்த ஹோட்டல் அது. கரூஸோ நேப்பிள்ஸ்காரர், நியூயார்க் ஓபரா மேடையில் கொடிகட்டிப் பறந்தவர். அந்த ஆகஸ்டில் நேப்பிள்ஸில் இறந்தபோது வயது 48தான்.

பாட்டில், கடலைப் பார்த்த பழைய மாடியில் ஒருவர், அழுது முடித்த பெண்ணை அணைத்துக்கொள்கிறார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி பாடத் தொடங்குகிறார். கடலில் விளக்குகளைக் கண்டதும் அமெரிக்க இரவுகள் நினைவுக்கு வருகின்றன. பார்த்தால் அவை மீன்பிடிப் படகுகளின் விளக்குகள். (கரூஸோ அங்கே ஓர் இளம்பெண்ணுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக் காதலித்தார் என்ற கதையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. மனைவியும் ஒன்றரை வயது மகளும் கூடவே இருந்தார்கள். பாட்டுக்கு அதனால் நஷ்டமில்லை.)

இதெல்லாம் பெரும்பாலும் பொது இத்தாலியத்தில், கதை சொல்வதுபோல வருகிறது. பல்லவியில் நேப்பிள்ஸ் பேச்சு புகுந்துவிடுகிறது: ‘தெ வொல்யோ பேனே அஸ்ஸாயே’, உன்மேல் எனக்கு அவ்வளவு பிரியம். இத்தாலியத்தில் காதலிக்குச் சொல்ல ‘தி ஆமோ’ என்று தனியாக இருக்கிறது. ‘வொல்யோ பேனே’ அம்மாவிடமும் பிள்ளையிடமும் நண்பனிடமும் சொல்வது. நேப்பிள்ஸில் காதலுக்கும் அதேதான். நமக்கும் ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ சினிமாவோடு சரி. வீட்டில் ‘உன்மேல உசுரையே வச்சிருக்கேன்’தான். அதை மகளிடமும் சொல்லலாம், காதலியிடமும் சொல்லலாம். உலகமெல்லாம் பாடியவர் சாகப்போகும்போது வீட்டுப் பேச்சுக்குத் திரும்புகிறார்.

இன்னொன்று. அந்த வரி இரவல். 1830களில் நேப்பிள்ஸ் தெருக்களில் பிரபலமான ஒரு பாட்டின் பல்லவி அது. எழுதிய ரஃபேலே ஸக்கோ மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பழைய பாட்டில் அது ஒரு புகார்: உன்மேல் எனக்கு அவ்வளவு பிரியம், நீயோ என்னை நினைப்பதே இல்லை. டல்லா முதல் பாதியை எடுத்துக்கொண்டு புகாரை விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக, இந்தப் பிரியம் ஒரு சங்கிலி, நரம்பில் ரத்தத்தை உருக்குகிறது என்கிறார். நேப்பிள்ஸ் தேவாலயத்தில் புனித ஜெனாரோவின் உறைந்த ரத்தம் குப்பியில் இருக்கிறது. ஒவ்வொரு செப்டம்பர் 19 அன்றும் அது உருகுமா என்று ஊரே காத்திருக்கும். அந்த உருகுதலுக்கும் இந்த உருகுதலுக்கும் ஒரே வினைச்சொல். போலோன்யாவில் பிறந்த டல்லா இதை நினைத்துத்தான் எழுதினாரோ என்னவோ, நேப்பிள்ஸ்காரர் காதுக்குத் தப்பாது.

அப்புறம், பாவரோட்டியோடு நிறுத்தாதீர்கள். அவர் குரலில் குறையில்லை, எனக்கு அதுதான் குறை. அந்தத் தொண்டையில் செருமுவதற்கு ஒன்றுமே இல்லை! டல்லாவினுடையது கரகரத்த குரல். மேலே ஏறும்போது எட்டுமா எட்டாதா என்று நமக்குப் பதறும். 1992இல் மொடேனாவில் இருவரும் சேர்ந்தே பாடியிருக்கிறார்கள். அதைப் போட்டு உங்கள் மனைவியையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.