யமஹா பிளாஸ்டர் குவாட் பைக்கில் முழு அக்சிலேற்றரில் இழுவை இல்லை, பிளக் வெள்ளை: முதலில் மெயின் ஜெற்

மெயின் ஜெற்றை (முழு அக்சிலேற்றரில் பெற்றோல் அளவைத் தீர்மானிக்கும், காபரேற்றரில் உள்ள சின்னத் துளைத் திருகு) இரண்டு அளவு பெரிதாக்குங்கள், காபரேற்றர் ஊசியை இப்போதைக்குத் தொடாதீர்கள். பெரிய சைலன்சரும் திறந்த ஃபில்டரும் போட்ட பிறகுதான் முழு அக்சிலேற்றரில் திணறுகிறது, பிளக்கும் வெள்ளை என்கிறீர்களே, அது பெற்றோல் போதாத அறிகுறி. காற்று கூடிவிட்டது, ஜெற் பழையதே.

உறுதிப்படுத்த: திணறும்போது அக்சிலேற்றரைக் கொஞ்சம் விட்டுப் பாருங்கள். சட்டென்று இழுவை வந்தால் மெயின் ஜெற் சின்னதுதான். கறுப்புப் புகையும் நனைந்த பிளக்குமாக இருந்தால் கதை தலைகீழ், ஜெற் பெரிது.

கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஜெற் வாங்கினால் பழையதைக் கையோடு கொண்டு போங்கள், மரையும் தலையின் வடிவமும் ஒத்துவர வேண்டும். ஜெற்றின் இலக்கத்தை மட்டும் நம்பி வாங்கி நான் இரண்டு தடவை அலைந்தேன்.

அப்புறம், பாதுகாப்பு என்று நினைத்துப் பெற்றோலில் டூ-ஸ்ட்ரோக் ஒயிலைக் கூட்டாதீர்கள், அதே ஜெற்றில் ஒயில் கூடினால் பெற்றோல் குறையும், கலவை இன்னும் மெலியும்.

அக்சிலேற்றரை முழுக்க விட்ட பிறகும் ஆர்பிஎம் மெதுவாகத்தான் இறங்குகிறது என்றால் ஜெற்றை மாற்றிப் பயனில்லை. காபரேற்றரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பரிலோ கிராங் ஷாஃப்ட் சீலிலோ காற்று புகுகிறது, அந்தக் கசிவை முதலில் அடைத்துவிடுங்கள். அதுவரை முழு அக்சிலேற்றர் வேண்டாம், பிஸ்டன் பிடித்துவிடும்.