கேஷ்லெஸ் மறுப்பு: சேர்க்கை மேசையில் கவனிக்க வேண்டியவை

உங்கள் மருத்துவமனையில் கேஷ்லெஸ் (நோயாளிக்குப் பதில் காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் முறை) கோரிக்கைகள் அடிக்கடி திரும்பி வருவதாக எழுதியிருந்தீர்கள். நானும் சேர்க்கை மேசையில் இருப்பவன்தான். ஆதாரிலும் பாலிசியிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா, அறை வாடகை வரம்பு எவ்வளவு, இரண்டையும் சேர்க்கும்போதே பார்த்துவிடுங்கள். வரம்பைத் தாண்டிய அறை என்றால் பெரும்பாலும் மற்ற செலவுகளிலும் விகிதப்படி வெட்டு விழும்.

பெரிய வில்லங்கம் நோய் வரலாறுதான். எங்களிடம் ஒருவருக்குச் சர்க்கரை வந்து 1 வருடம்; கேஸ் ஷீட்டில் அவசரத்தில் 10 என்று எழுதிவிட்டார்கள். பாலிசிக்கு வயது இரண்டு. அவ்வளவுதான், பாலிசி எடுக்கும் 'முன்பே இருந்த நோய்' என்று காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. அப்புறம் திருத்தக் கடிதம் கொடுத்து மாதக்கணக்கில் அலைந்தோம்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2024 சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் முன் அனுமதிக்குக் காப்பீட்டு நிறுவனம் ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் படிவம் அரைகுறையாகப் போனால் அந்த நேரம் கேள்வி பதிலிலேயே கரைந்துவிடும். அதனால் அனுப்பும் முன் படிவத்தையும் கேஸ் ஷீட்டையும் பக்கத்தில் வைத்து ஒருவர் படித்துப் பார்க்கட்டும்.