வாசல் தெரிகிற இடத்தில்

கேள்வி: அகதி முகாமில் குழந்தைகளுக்காக ஒரு கூடம் தயார் செய்தோம். சுவரெல்லாம் கார்ட்டூன், பளிச்சென்ற நிறங்கள், மேலே பலூன்கள். வருகிற பிள்ளைகளோ வாசல் ஓரமாகவே ஒட்டிக்கொண்டு உட்காருகிறார்கள். பொம்மைகள் கிடந்தபடியே கிடக்கின்றன. எங்கே தவறு?

பதில்: அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே பதில் இருக்கிறது. உயிருக்குப் பயந்து ஓடி வந்த பிள்ளை, எந்த அறைக்குள் போனாலும் முதலில் வெளியேறும் வழியைத்தான் தேடும். பொம்மையெல்லாம் அப்புறம். கூடத்தில் எங்கே உட்கார்ந்தாலும் வாசல் தெரிய வேண்டும். முடிந்தால் இரண்டாவது வாசலும் வையுங்கள். ஜன்னலைக் குழந்தையின் கண்மட்டத்துக்கு இறக்குங்கள். வெளியே அம்மா நிற்பது தெரிந்தால் உள்ளே கொஞ்சம் நகர்ந்து வருவார்கள்.

பலூன்களை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஒன்று வெடித்தால் போதும்! நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் கூடத்துக்கு இரும்புக் கதவு போட்டிருந்தேன். ஒருநாள் காற்றில் அது படாரென்று சாத்திக்கொள்ள, ஆறு வயதுப் பையன் ஒருவன் மேசைக்கு அடியில் புகுந்துவிட்டான். வெளியே வர ஒரு மணி நேரம் ஆனது. யாரும் அவனை இழுக்கவில்லை. உதவிக்கு வந்திருந்த பெண் ஒருவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சும்மா காகிதம் மடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் பழைய சைக்கிள் டியூபை நறுக்கிக் கதவு நிலையில் ஒட்டினேன். மேசையை எடுக்க மனம் வரவில்லை. மூன்று பக்கமும் துணி தொங்கவிட்டு, வாசலைப் பார்த்த பக்கத்தை மட்டும் திறந்து வைத்தேன். அதற்குப் பிறகு அந்த இடத்துக்குத்தான் போட்டி.

கார்ட்டூன் சுவர்களில் ஒன்றையாவது வெள்ளையடித்து, பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். வரைந்தால் வரையட்டும். "இது என்ன, அது யார்" என்று துருவ வேண்டாம்.

கேள்வி: கட்டி முடிக்க வெளியிலிருந்து நிபுணர்களை அழைத்து வரலாமா?

பதில்: முதலில் முகாமுக்குள் விசாரியுங்கள், தச்சரோ கொத்தனாரோ கட்டாயம் இருப்பார். வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் ரோஹிங்கியா அகதிகளுக்கான பணிகளின்போது உருவான ஆறு சமூகக் கூடங்களுக்கு 2022-ல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. வரைபடமோ மாதிரியோ இல்லாமல், களத்திலேயே மக்களோடு சேர்ந்து முடிவெடுத்துக் கட்டியவை அவை. உங்களுக்கும் அது முடியும். கழிவறையை மட்டும் கடைசிக்குத் தள்ளிவிடாதீர்கள். போகிற வழியில் விளக்கு வேண்டும். தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்க வேண்டும். எந்த உயரத்தில் என்றால், இருப்பதிலேயே சின்னக் குழந்தையை நிற்க வைத்து, கை எட்டுகிற இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள்.