கிணற்று மோட்டாரா, போர் மோட்டாரா?

அன்புள்ள அம்மணி,

கோபிசெட்டிபாளையத்திலிருந்து கனடாவின் பிராம்டன் வந்து மூன்று வருடம், சொந்த வீட்டில் இது முதல் குளிர்காலம் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டோடு வந்த ஃபர்னஸ், அதாவது எரிவாயுவில் வீட்டைச் சூடேற்றும் இயந்திரம், 2007-இல் செய்யப்பட்டது. சத்தம் கேட்டுப் பார்க்க வந்தவர், புகையை வெளியே இழுத்துத் தள்ளும் சின்ன மோட்டார் போகப் போகிறது, அதை மாற்ற 1,100 டாலர், பேசாமல் 5,800 டாலருக்குப் புதிதே போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வீட்டில் கைக்குழந்தை, ஊரிலிருந்து அப்பா அம்மாவும் வந்திருக்கிறார்கள். பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்று கேட்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில், போர் போட்ட ஆழ்துளைக் கிணற்றின் ஓரமாகக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். 900 அடியில் கிடக்கும் மோட்டாரைத் தூக்குகிறார்கள். 20 அடிக்கு ஒரு பைப், ஆக 45 பைப் கழற்றினால்தான் மோட்டாரின் முகம் தெரியும். இப்போதுதான் 11 பைப் வெளியே வந்திருக்கிறது. மார்கழிக் காலை, 20 டிகிரி இருக்கும். அப்பா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, இந்த வருடம் குளிர் தாங்கவில்லை என்கிறார். கனடாவில் மைனஸ் 20-ஐப் பார்த்துவிட்டு வந்த நான் வாயைத் திறக்கவில்லை.

தடப்பள்ளி வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்த உங்களுக்கு மோட்டார் கவலை அவ்வளவாக இருந்திருக்காது. எங்கள் பக்கம் ஒவ்வொரு விவசாயியும் பாதி மெக்கானிக். கிணற்று மோட்டார் புகைந்தால் கழற்றி வண்டியில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோய், கருகிய கம்பியை எடுத்துப் புதிதாகச் சுற்றி, அதாவது காயில் கட்டி, சாயங்காலத்துக்குள் திரும்ப மாட்டிவிடுவோம். எங்கள் அப்பாரு (தாத்தா) வாங்கிய மோட்டார் எத்தனை முறை காயில் கட்டப்பட்டது என்று யாருக்கும் கணக்கில்லை. புதிது வாங்குகிறவன் ஏமாளி என்பது வீட்டுக்குள் எழுதப்படாத சட்டம்.

அந்தப் புத்தியோடுதான் நானும் மிசிசாகாவில் முதல் வீட்டை வாங்கினேன். அங்கே இருந்த ஃபர்னஸுக்கு அப்போதே 20 வயது. முதல் குளிர்காலத்தில் நெருப்புப் பற்றவைக்கும் இக்னைட்டர் போனது; மாற்றினேன். ஒரு மாதம் கழித்துக் கன்ட்ரோல் போர்டு, அதையும் மாற்றினேன். அப்புறம் உங்களுடையது போலவே, புகையை இழுத்துத் தள்ளும் இன்டியூசர் மோட்டார். மூன்றுக்கும் சேர்த்து 1,700 டாலர். புதிது வாங்காமல் தப்பித்தேன் என்று அப்பாவிடம் போனில் பெருமையடித்தேன். அடுத்த ஜனவரியில், மைனஸ் 22 இரவில், கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்தியது. வந்தவர் உள்ளே கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, எரிவாயுவை மூடி, இதை ஓட்டக்கூடாது என்ற சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டார். ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல். இரண்டு நாள் நாங்கள் ஐந்து பேரும் ஓர் அறையில், ஒரு மின்சார ஹீட்டரைச் சுற்றி இருந்தோம். அந்த நிலையில் யார் பேரம் பேசுவார்கள்? எந்தக் கம்பெனியிடம் கையிருப்பில் எது இருந்ததோ அதைப் போட்டேன். 1,500 சதுர அடி வீட்டுக்கு 1,00,000 பிடியூ (வெப்பத்தின் அளவு); தேவைக்கு மிகப் பெரியது. ஐந்து நிமிடம் அனல் கக்கிவிட்டு அணைந்துவிடும், மறுபடி பற்றும், மறுபடி அணையும். மாடியில் வியர்க்கும், பேஸ்மென்டில் விறைக்கும். அந்தத் தவறோடு இன்றுவரை குடித்தனம் நடத்துகிறேன்.

என் தவறு பழுது பார்த்ததில் இல்லை, எது எந்த மோட்டார் என்று தெரியாமல் இருந்ததில்தான். கிணற்று மோட்டாரைக் காயில் கட்டுவதில் லாபம் இருக்கிறது, ஏனென்றால் நம் ஊரில் கழற்றி மாட்டும் கூலி குறைவு. இதே எங்கள் அப்பா, போரிலிருந்து தூக்கிய மோட்டாருக்கு வயதாகியிருந்தால் காயில் கட்ட விடமாட்டார். தூக்கவும் இறக்கவும் ஆகும் செலவு அப்படி. ஆறு மாதத்தில் மறுபடி தூக்க நேர்ந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். கனடாவில் எல்லா இயந்திரமும் போர் மோட்டார்தான், அம்மணி. சாமான் 50 டாலர் இருக்கும், ஆள் வீட்டுப்படி ஏறுவதற்கு 200 டாலர் இருக்கும். ஆகவே சாமான் விலையைப் பார்க்காதீர்கள். இன்னும் எத்தனை முறை ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று பாருங்கள். எரிவாயு ஃபர்னஸின் ஆயுள் 15 முதல் 20 வருடம் என்பார்கள். உங்களுடையது அந்தக் கோட்டில் நிற்கிறது.

இதற்கு அங்கே இரண்டு வாய்ப்பாடு சொல்வார்கள். பழுதுச் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்று என்பது ஒன்று. அதன்படி நீங்கள் பழுது பார்க்க வேண்டும். வயதைப் பழுதுச் செலவால் பெருக்கி 5,000-ஐத் தாண்டினால் மாற்று என்பது இன்னொன்று. 18 பெருக்கல் 1,100 என்றால் 19,800. அதன்படி மாற்ற வேண்டும். இரண்டும் விற்பனைக்காரர்களின் வாயில் சௌகரியமாக இருக்கும் கணக்குகள். கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது ஹீட் எக்ஸ்சேஞ்சரை. அதன் உலோகக் குழாய்களுக்குள்ளே நெருப்பும் புகையும். வெளிப்புறத்தைத் தடவிக்கொண்டு போகும் காற்றைத்தான் நீங்கள் சுவாசிக்கிறீர்கள். ஒவ்வொரு முறை பற்றும்போதும் உலோகம் விரியும், அணையும்போது சுருங்கும். வருடக்கணக்கில் இப்படி நடந்தால் வளைவுகளில் விரிசல் விழும். இங்கே மோட்டார் தூக்கும் மேஸ்திரி சற்றுமுன் சொன்னார்: கோர், அதாவது கம்பி சுற்றும் இரும்பு உடல், நன்றாக இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் காயில் கட்டலாம், கோர் போனால் பழைய இரும்புக்குத்தான். ஃபர்னஸுக்குக் கோர் இதுதான். விரிசல் இருந்தால் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். ஆனால் விரிசல் என்று யாராவது வாயால் சொன்னால் நம்பாதீர்கள். கேமராவில் காட்டச் சொல்லுங்கள், ஒன்டாரியோவின் பாதுகாப்பு ஆணையமான டிஎஸ்எஸ்ஏ-வின் உரிமம் உள்ள இன்னொருவரையும் கூப்பிட்டுப் பாருங்கள். அந்தச் சொல்லை வைத்துப் பயமுறுத்திப் பிழைக்கிறவர்கள் அங்கே நிறைய உண்டு.

விரிசல் வழியாக வீட்டுக்குள் கசியக்கூடிய விஷவாயு கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல், அசதி வரும். ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் பயணக் களைப்பு என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். அலாரத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பின்பக்கத் தேதியைப் பாருங்கள். அதற்கும் ஆயுள் ஏழிலிருந்து பத்து வருடம்தான். இதை இன்றே செய்யுங்கள்.

சத்தம் போடும் இன்டியூசரால் உடனடி ஆபத்து இல்லை. அது சரியாக இழுக்காவிட்டால் பிரஷர் சுவிட்ச் எரிவாயுவைத் திறக்க விடாது. வீடு குளிரும், அவ்வளவுதான். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்த அவ்வளவுதான் சின்ன விஷயம் இல்லை என்பதும் தெரியும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த 1,100-ஐச் செலவழிக்க மாட்டேன். மாற்றிவிடுவேன், ஆனால் அவசரமாக அல்ல, அவர் சொன்ன காரணத்துக்காகவும் அல்ல. எரிவாயு மிச்சமாகும் என்று அவர் சொல்லியிருப்பார். உங்கள் 2007 இயந்திரம் 80 சதவீதத் திறன் கொண்டது என்று வைத்துக்கொள்வோம்; 2019-க்குப் பிறகு கனடாவில் விற்பவை 95 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. எரிவாயுவில் ஏறக்குறைய 16 சதவீதம் குறையும். சூடேற்ற வருடம் 1,000 டாலர் கட்டினால் மிச்சம் 160. அதை வைத்து 5,800-ஐ எடுக்க 36 வருடம் ஆகும். அதற்குள் அந்தப் புதியதும் செத்திருக்கும். மாற்றுவதன் லாபம் பில்லில் இல்லை. பழையது சாகும் நாளை அது முடிவு செய்யாமல் நீங்கள் முடிவு செய்வதில் இருக்கிறது.

அதனால் இது ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்று பேரிடம் விலை கேளுங்கள். வீட்டை அளந்து வெப்ப இழப்புக் கணக்குப் போடாமல் பழையதன் அளவையே எழுதுகிறவரை அனுப்பிவிடுங்கள். இன்னொரு விஷயத்தைப் பலர் விலையில் சொல்லவே மாட்டார்கள். புதியதன் புகை பிளாஸ்டிக் குழாய் வழியாகப் பக்கச் சுவரில் போகும், அதிலிருந்து சொட்டும் நீருக்கு வடிகால் வேண்டும். பழைய புகைபோக்கியில் வெந்நீர் ஹீட்டரின் புகை மட்டும் தனியாகப் போகும். அந்தப் புகைபோக்கிக்குள் லைனர் என்ற உள்குழாய் போட வேண்டியிருக்கலாம். அந்தச் செலவும் சேர்த்தியா என்று கேளுங்கள். பனி கொட்டினால் சுவர்க்குழாயின் வாயைச் சுரண்டிவிடுவது இனி உங்கள் வேலை. இதற்கிடையே 1,500 வாட் மின்சார ஹீட்டர் இரண்டு வாங்கி வைத்து, வெவ்வேறு லைனில் மாட்டுங்கள்.

மாதம் இவ்வளவு கட்டினால் போதும் என்று வாடகை ஃபர்னஸ் தள்ளிவிட வருவார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். ஒன்டாரியோவில் அழைக்காமல் வீட்டு வாசலுக்கு வந்து ஃபர்னஸ் விற்பதை 2018 மார்ச்சிலேயே தடை செய்துவிட்டார்கள். இப்படி வாடகைக்கு எடுத்த பொருளை வீட்டுப் பதிவிலேயே ஏற்றிவிடும் வழக்கமும் இருந்தது, நம் ஊர் வில்லங்கச் சான்றில் கடன் ஏறியதுபோல. வீட்டை விற்கப் போகும்போதுதான் பலருக்குத் தெரியவந்தது. 2024 ஜூனில் அதையும் நிறுத்தினார்கள். உங்கள் வீட்டில் பழைய உரிமையாளர் காலத்து வாடகைப் பாக்கி எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஃபர்னஸின் கதவைக் கழற்றினால் உள்ளே ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதைப் படமெடுத்து அனுப்புங்கள், எத்தனை பிடியூ என்று பார்த்துச் சொல்கிறேன். தை நோன்பு முடித்துத்தான் கிளம்புகிறேன். 38-ஆவது பைப் வெளியே வந்துவிட்டது. மோட்டாரைப் பார்த்து முடிவு சொல்ல அப்பா என்னைக் கூப்பிடுகிறார். இந்த வீட்டில் என்னிடம் அபிப்பிராயம் கேட்பது இதுதான் முதல் முறை.