குதிரை ராஜாவோடது, தலை யாரோடது?

கேள்வி: பழைய சாமான் கடை ஒன்னுல ரெண்டு செதுக்குப்படம் பாத்தேன். ஒரே குதிரை, ஒரே கவசம். ஒன்னுல தளபதி ஆலிவர் கிராம்வெல், இன்னொன்னுல அவரு ஆளுங்க தலைய வெட்டுன இங்கிலாந்து ராஜா முதலாம் சார்ல்ஸ். எது டூப்ளிகேட்? செதுக்குனவரு இவ்ளோ பெரிய பச்சோந்தியா?
- வாசகர், ஈசூன்

பதில்: ரெண்டு படமும் ஒரே செப்புத் தகட்டுல செதுக்கி அச்சடிச்சதுதாங்க. செதுக்குனது லண்டன்ல வேலை பாத்த பியர் லொம்பார்ட்னு ஒரு பிரெஞ்சுக்காரர், 1650கள்ல. அந்தக் குதிரை கூட அவரு கற்பனை இல்ல, 1633ல வான் டைக் இதே சார்ல்ஸ வரைஞ்ச ஓவியத்துலேர்ந்து எடுத்தது, ஆக தளபதி ஏறி உக்காந்ததே ராஜா குதிரைலதான்.

நீங்க செதுக்குனவர திட்டுறீங்க, மேல உக்காந்தவர விட்டுட்டீங்களே! 1649 ஜனவரி 30ல ராஜா தலை போச்சு, 1653 கடைசில கிராம்வெல் நாட்டோட பாதுகாவலர்ங்கிற பேருல ஆட்சித் தலைவர் ஆனாரு, 1657ல பார்லிமென்ட் கிரீடத்தையே நீட்டுச்சு, வேணாம்னுட்டாரு, பெரிய மனுசன்தான், ஆனா அடுத்த மாசமே ராஜாக்களுக்கு முடிசூட்டுற நாற்காலிய வெஸ்ட்மின்ஸ்டர் ஹால்ல கொண்டாந்து போட, ஊதா அங்கியோட அதுல உக்காந்து திரும்பப் பதவி ஏத்துக்கிட்டாரு. கிரீடம் மட்டும்தான் வேணாம் போல.

1658ல செத்துட்டாரு. 1660ல ராஜா மகன் ராஜாவா திரும்பி வந்தாச்சு. இனிமே கிராம்வெல் படம் எவன் வாங்குவான்? செம்பு மெத்துனு இருக்கும், முகத்த மட்டும் சுரண்டி, தேச்சு, பள்ளமான எடத்த பின்பக்கத்துலேர்ந்து சுத்தியால தட்டி மேல கொண்டாந்து, புது முகம் செதுக்கிடலாம், முழுக் குதிரையையும் திரும்ப வெட்டுறதுக்கு இது எவ்வளவோ மேல். கழுத்துக்கு மேல ஒன்னுமே இல்லாம வெறும் வெள்ளையா அச்சடிச்ச பிரதி கூட இருக்கு (2019ல நம்ம சிங்கப்பூர் ஆத்தோரம் ராஃபிள்ஸ் சிலைக்குப் பெயின்ட் அடிச்சு பின்னாடி கட்டடத்தோட மறைச்சாங்களே, ஞாபகம் வருதா?). 1661ல, அதே ஜனவரி 30ல, கிராம்வெல் பொணத்தையே தோண்டி எடுத்து தூக்குல போட்டு, தலைய வெட்டி அதே வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் மேல கம்பத்துல சொருகி வச்சாங்க. இப்படிப்பட்ட ஊர்ல தகட்டுல தலைய மாத்துனவரு பச்சோந்தின்னா, மத்தவங்களுக்கு என்ன பேரு வைக்கிறது?

வெள்ளி குடுத்து வாங்குற ஐடியா இருந்தா ஒரு லென்ஸ் எடுத்துட்டுப் போங்க. புள்ளி புள்ளியா தெரிஞ்சா அது இந்தக் காலத்து ஆஃப்செட் பிரிண்ட். கோடு கோடா இருந்து, ஓரத்துல தகடு அழுந்துன தடமும் தெரிஞ்சா அப்புறமா விலை பேசுங்க.