தென்னையில் கட்டிய ஒலிபெருக்கி

கேள்வி: கேரளத்துப் பாறசாலையில் ஓராண்டாக ஜெபக்கூடம் நடத்துகிறோம், துண்டுப் பிரசுரம் கொடுத்தும், தென்னையில் ஒலிபெருக்கி கட்டியும், பிற சமயத்தார் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லையே, ஏன் ஐயா?

பதில்: தென்திருவிதாங்கூரில் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபை வேரூன்றிய விதத்தை எண்ணிப் பாருங்கள். தஞ்சாவூரிலிருந்த உறவினர் வழியாகச் சுவிசேஷத்தைக் கேட்டு ஊர் திரும்பிய வேதமாணிக்கம், அதைத் தம் மக்களிடம் முன்பே சொல்லி வைத்திருந்த, இன்றைய குமரி மாவட்டத்து மயிலாடிக்குத்தான் 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே வந்து சேர்ந்தார். உறவு முந்தியது; ஆலயம் 1809-இல்தான் எழுந்தது. நீங்களோ, கோபிக்க வேண்டாம், கூடத்திலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். அந்த ஒலிபெருக்கி அடுத்த வீட்டுத் திண்ணையை நோக்கியிருந்தால் இன்றே இறக்கிவிடுங்கள். அவ்வீட்டில் துக்கமோ நோயோ நேரும்போது பிரசுரமின்றிப் போய் உட்காருங்கள். அவர்களாகக் கேட்டால் உங்கள் விசுவாசத்தைச் சொல்லுங்கள். மலையாளப் பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளைகளுக்காகப் பாடல்களை மலையாள எழுத்திலும் அச்சிடலாம்.